ஒரே குளம், நாலு மடை! கரை பலமாக இருக்கிறதா?

விடிவதற்கு முன்பே சுரண்டை விழித்துக்கொள்கிறது.

காய்கறி மார்க்கெட்டில் வண்டிகள் வந்து நிற்கின்றன. கத்தரிக்காய் மூடை இறங்குகிறது. வெண்டைக்காய் இறங்குகிறது. தக்காளிப் பெட்டிகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. ஏலக் குரல் கேட்கிறது. நேற்று மாலை வயலில் பறித்த காய், இன்று செங்கோட்டையையும் புளியரையையும் தாண்டிக் கேரளத்துக்குப் போய்விடுகிறது. ஓணம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்!

காய் போய்விடும். கடையில் மிச்சம் இருப்பது என்ன?

கணக்கு!

யாருடைய காய்? எத்தனை கிலோ? என்ன விலை? கமிஷன் எவ்வளவு? வர வேண்டிய பாக்கி எவ்வளவு? இவ்வளவும் எழுத்தில் இருந்தால்தான் வியாபாரம். எழுத்துப் போனால் பணமும் போயிற்று.

முன்பெல்லாம் இந்தக் கணக்கு சிட்டையிலும் பேரேட்டிலும் இருந்தது. சிவப்புத் துணி அட்டை போட்ட நீளமான நோட்டு. கணக்குப்பிள்ளை சம்மணமிட்டு உட்கார்ந்து, சாய்வு மேஜையில் வைத்து எழுதுவார். இரவில் நோட்டு மரப்பெட்டிக்குள் போகும். பெட்டிச் சாவி முதலாளியின் இடுப்பில் இருக்கும். அந்தப் பெட்டிக்கு இரண்டே பகை. ஒன்று கரையான். மற்றொன்று மழை.

இன்று அந்த மரப்பெட்டியின் இடத்தில் இரும்புப் பெட்டி வந்திருக்கிறது. அதற்குள் காகிதம் இல்லை. டிஸ்க்குகள் இருக்கின்றன. அந்தப் பெட்டியைப் பற்றித்தான் சுரண்டை போன்ற வியாபார ஊர்கள் இப்போது யோசிக்க வேண்டியிருக்கிறது.

சர்வர் என்றால் யார்?

ஓட்டலில் இலை போட்டுப் பரிமாறுகிறவரைச் சர்வர் என்று அழைக்கிறார்கள். கம்ப்யூட்டர் உலகத்திலும் சர்வர் உண்டு. அதற்கும் பரிமாறுவதுதான் வேலை. பில் போடுகிறவர் ஒரு சரக்கின் விலையைக் கேட்டால், அதை எடுத்துக் கொடுக்கும். கணக்குப்பிள்ளை சென்ற மாதப் பாக்கியைக் கேட்டால், அதையும் எடுத்துக் கொடுக்கும். பல கம்ப்யூட்டர்களுக்குப் பொதுவாக நின்று பரிமாறும் பெரிய கம்ப்யூட்டர்தான் சர்வர்.

சுரண்டையில் ஓர் அண்ணாச்சியைக் கற்பனை செய்து பாருங்கள். கீழே பலசரக்கு மொத்தக் கடை. மாடியில் ஜவுளிக்கடை. பின்னால் கிட்டங்கி. வியாபாரம் வளர வளர அவர் ஒவ்வொன்றாகச் சர்வர் வாங்கினார். பில்லுக்கு ஒன்று. கணக்குக்கு ஒன்று. கிட்டங்கி இருப்புக்கு ஒன்று. காவல் காமிராப் படங்களுக்கு ஒன்று. ஆக நாலு சர்வர்.

ஒவ்வொன்றுக்குள்ளும் 4 டெரா பைட் டிஸ்க். ஒரு டெரா பைட் என்பது ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி எழுத்துகளை வைக்கும் இடம்.

இது எவ்வளவு பெரிய இடம் தெரியுமா? 1956-ல் அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி முதன் முதலாகக் கம்ப்யூட்டர் டிஸ்க் யந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டு அடி அகலமுள்ள தட்டுகள், ஒன்றல்ல, இரண்டல்ல, ஐம்பது! யந்திரத்தின் எடை சுமார் ஒரு டன். அவ்வளவு பெரிய யந்திரத்தில் அடங்கியது சுமார் 50 லட்சம் எழுத்துகள் மட்டுமே. இன்று அண்ணாச்சியின் உள்ளங்கையில் அடங்கும் ஒரு 4 டெரா பைட் டிஸ்க், அதைப் போல ஏறக்குறைய எட்டு லட்சம் மடங்கு கொள்ளும்!

அப்படியும் இடம் போதவில்லை என்கிறார் அண்ணாச்சி.

இடம் இருக்கிறது, இடம் இல்லை!

ஒரு நாள் காமிரா சர்வர் நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் பார்க்கும் பையன் வந்து பார்த்தான்.

“அண்ணாச்சி, டிஸ்க் நிரம்பிப் போச்சு. புதுசு வாங்கணும்.”

“என்ன தம்பி இது? போன வருஷந்தானே நாலு டிஸ்க் வாங்கினேன்?”

பையன் கணக்குச் சொன்னான். பில் சர்வரில் 1 டெரா பைட்தான் செலவாகியிருக்கிறது. கணக்கு சர்வரில் அரை டெரா பைட். கிட்டங்கி சர்வரில் ஒன்றரை. காமிரா சர்வரில் மட்டும் முழு 4. மொத்தம் வாங்கியது 16. செலவானது 7. மிச்சம் 9 சும்மா கிடக்கிறது. ஆனால் காமிராவுக்கு ஓர் அங்குலம்கூட இல்லை!

ஏன்? பில் சர்வருக்குள் இருக்கும் காலி இடத்தைக் காமிரா சர்வர் தொட முடியாது. அவனவன் வீட்டுத் தொட்டி அவனவனுக்கு. ஒரு வீட்டில் தொட்டி வழிகிறது. அடுத்த வீட்டில் குடம் காலி. நடுவில் சுவர்!

புது டிஸ்க் போடுவதற்காகச் சர்வரை நிறுத்த வேண்டும். பழைய படங்களை மாற்ற வேண்டும். பண்டிகைக் காலத்தில் இப்படி நின்றால் வியாபாரம் என்ன ஆகும்? செலவு ஒரு பக்கம், நஷ்டம் ஒரு பக்கம்.

குளத்தைப் பாருங்கள்

இதற்கு வழி என்ன? தென்காசிச் சீமைக்காரருக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு, அணைக்கட்டுகளாலும் கால்வாய்களாலும் இந்த வட்டாரத்துக் குளங்களை நிரப்புகிறது. ஊருக்குப் பொதுவாக ஒரு குளம். அதற்கு ஒரு கரை. கரையில் பல மடைகள். ஒவ்வொரு மடைக்கும் அதன் வயல். ஒவ்வொரு வயல்காரரும் தனித்தனிக் குளம் வெட்டிக்கொண்டாரா? இல்லை!

கம்ப்யூட்டரிலும் இதேதான். நாலு சர்வர்களுக்குள்ளும் இருக்கும் டிஸ்க்குகளை வெளியே எடுத்து, ஒரு பொதுப் பெட்டியில் வைத்துவிடுவது. அந்தப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு கேபிள். தேவைக்குத் தக்கபடி இடத்தைப் பங்கு பிரித்துக் கொடுப்பது. இதுதான் பொதுச் சேமிப்புப் பெட்டி. பெரிய ஆஸ்பத்திரிகளிலும் வங்கிகளிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வெகு காலமாக இருந்துவரும் ஏற்பாடு இது. இப்போது சிறிய கடைகளுக்கும் ஏற்ற அளவில் கிடைக்கிறது.

இதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகையை ‘நாஸ்’ என்கிறார்கள். இது பொது வாசகசாலை போல. அலமாரி ஒன்று, வருகிறவர் பலர். யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார், யார் வைத்தார் என்பதைப் பெட்டியே கவனித்துக்கொள்ளும். ஒரே கடிதத்தையோ படத்தையோ பல பேர் பார்க்க வேண்டுமானால் இது நல்லது.

இரண்டாவது வகை ‘சான்’. இது நிலத்தை அளந்து கல் நட்டுக் கொடுப்பது போல. இந்தத் துண்டு பில் சர்வருக்கு, அந்தத் துண்டு கணக்கு சர்வருக்கு. தனக்கு வந்த துண்டைச் சர்வர் தன் சொந்த டிஸ்க் என்றே நினைத்துக்கொள்ளும்.

இங்கே ஒரு ஜாக்கிரதை வேண்டும். ஒரே துண்டை இரண்டு சர்வர்களுக்குக் கொடுத்துவிடக் கூடாது. ஒரே பேரேட்டில், ஒரே பக்கத்தில், ஒருவரை ஒருவர் பார்க்காமல் இரண்டு கணக்குப்பிள்ளைகள் எழுதினால் என்ன ஆகும்? ஒருவர் எழுதியதை மற்றவர் அழிப்பார். கடைசியில் இரண்டு கணக்கும் மிஞ்சாது. அப்படிக் கொடுத்தே தீர வேண்டுமானால், முறை வைத்து எழுத வைக்கும் தனி ஏற்பாடு அவசியம்.

பொதுப் பெட்டியின் பெரிய லாபம், அது வளரும் என்பதே. எட்டு டிஸ்க் வைக்கும் பெட்டியில் முதலில் ஆறு டிஸ்க் மட்டும் போடலாம். இடம் குறையும்போது இன்னும் இரண்டைச் செருகலாம். நல்ல பெட்டியானால் சர்வர்களை நிறுத்தாமலே இடத்தை நீட்டிவிடலாம். பில் ஓடிக்கொண்டே இருக்கும். கடை திறந்தே இருக்கும்.

இன்னொரு வசதியும் உண்டு. அதில் ஒரு பொறியும் உண்டு! பெட்டியில் 16 டெரா பைட்தான் இருக்கும். ஆனால் நாலு சர்வர்களுக்கும் ஆளுக்கு 8 என்று, மொத்தம் 32 இருப்பதாகச் சொல்லி வைக்கலாம். எல்லாரும் ஒரே சமயத்தில் முழுவதையும் கேட்கமாட்டார்கள் என்ற தைரியம்! கேட்டுவிட்டால்? ஒரே நாளில் நாலு சர்வரும் நின்றுவிடும். கையில் இல்லாத பணத்துக்குச் செக் கொடுப்பவரின் கதைதான். இந்த வசதியை வைத்துக்கொள்கிறவர், மீதி எவ்வளவு என்பதை வாரம் தவறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு டிஸ்க் கெட்டுப்போனால்?

“எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்துவிட்டு, அதிலே ஒரு டிஸ்க் கெட்டுப்போனால்?” என்று அண்ணாச்சி கேட்பார். நியாயமான கேள்வி.

அதற்கு ஒரு யுக்தி இருக்கிறது. அதன் பெயர் ‘ரெய்டு’. பயப்பட வேண்டாம். வருமான வரிக்காரர்கள் வரும் ரெய்டு அல்ல! 1988-ல் அமெரிக்காவின் பெர்க்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர் எழுதிய கட்டுரையிலிருந்து பிரபலமான பெயர் இது.

யுக்தி எளிது. முதல் டிஸ்க்கில் 3 என்று எழுதுங்கள். இரண்டாவது டிஸ்க்கில் 5 என்று எழுதுங்கள். மூன்றாவது டிஸ்க்கில் இரண்டின் கூட்டுத்தொகையான 8 என்று எழுதுங்கள். இப்போது இரண்டாவது டிஸ்க் செத்துவிட்டது. அதில் என்ன இருந்தது? எட்டிலிருந்து மூன்றைக் கழியுங்கள். ஐந்து! போனது திரும்பி வந்துவிட்டது. பெட்டி செய்யும் கணக்கு வேறு மாதிரியானாலும், தத்துவம் இதுதான்.

இரண்டு டிஸ்க்குகள் செத்தாலும் தாங்கும்படி ஏற்பாடு செய்யலாம். அதற்காக இரண்டு டிஸ்க் அளவு இடத்தைத் தியாகம் செய்ய வேண்டும். ஆறு டிஸ்க் போட்டால், நாலு டிஸ்க் இடம்தான் கையில் கிடைக்கும். அதாவது 16 டெரா பைட். எட்டுப் போட்டால் 24.

கெட்ட டிஸ்க்கை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டால், பெட்டி தானே கணக்குப் போட்டு அதை நிரப்பிக்கொள்ளும். பெரிய டிஸ்க்கானால் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும்.

ஆகவே, பொதுப் பெட்டி நல்ல ஏற்பாடா? ஆம், நல்ல ஏற்பாடுதான். இடம் வீணாவதில்லை. கடை நிற்பதில்லை. ஒரு டிஸ்க் செத்தாலும் கணக்குச் சாவதில்லை. இரண்டு மூன்று சர்வர்களுக்கு மேல் வைத்திருக்கும் எந்த வியாபாரியும் இதைப் பற்றி யோசிக்கலாம்.

ஆனால், பெரும்பாலோர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் ஆபத்து!

கொரியாவில் எரிந்த களஞ்சியம்

2025 செப்டம்பர் 26. தென் கொரியாவில் தேஜான் என்ற நகரம். அரசாங்கத்தின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் கூடியிருக்கும் பெரிய கட்டடம். மின்சாரம் தடைப்பட்டால் கைகொடுப்பதற்காக வைத்திருந்த பாட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்தது. ஒரு பாட்டரியில் தீப்பிடித்தது. தீயை முழுதும் அணைக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகிவிட்டது. 600-க்கு மேற்பட்ட அரசாங்கச் சேவைகள் நின்றன.

அந்தக் கட்டடத்தில் ‘ஜி-டிரைவ்’ என்ற ஒரு பொதுச் சேமிப்பு இருந்தது. பல இலாகாக்களின் உத்தியோகஸ்தர்கள் தங்கள் வேலைக் காகிதங்களை அதில் போட்டு வைத்திருந்தார்கள். ஆளுக்கு இவ்வளவு இடம் என்று பங்கு. அதில் இருந்தது 858 டெரா பைட்.

அத்தனையும் எரிந்து சாம்பலாகிவிட்டது!

வேறு இடத்தில் பிரதி இல்லையா? இல்லை. ஏன் இல்லை? அதிகாரிகள் சொன்ன காரணம்தான் கவனிக்க வேண்டியது. அந்தச் சேமிப்பு மிகவும் பெரிதாக இருந்ததால், வெளியே பிரதி எடுத்து வைக்க முடியவில்லையாம்!

உலகத்துக்கே கம்ப்யூட்டர் உறுப்புகள் செய்து கொடுக்கும் நாடு அது. அங்கேயே இந்தக் கதி! களஞ்சியத்தைப் பெரிதாக்குவது சுலபமாக இருந்தது, பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். பிரதி எடுப்பது சிரமமாக இருந்தது, தள்ளிப்போட்டார்கள். முதலாவது வளர்ந்தது. இரண்டாவது வளரவில்லை. ஒரு தீப்பொறி மீதியைச் செய்துவிட்டது.

சுரண்டை அண்ணாச்சியின் பெட்டிக்கும் இதே விதிதான். 7 டெரா பைட் இருக்கும்போது, பக்கத்தில் ஒரு டிஸ்க் வாங்கிப் பிரதி எடுத்து வைப்பார். பெட்டி 16 ஆகும்போது பிரதிக்கு இடம் போதாது. “அடுத்த மாசம் பார்க்கலாம்” என்பார். 24 ஆகும்போது பிரதி என்ற ஒன்று இருந்ததே மறந்துவிடும். வளரும் பெட்டியின் குணம் இது. அதன் வசதியே அதன் வினை!

“ரெய்டு இருக்கிறதே?” என்று கேட்கலாம். ரெய்டு காப்பது டிஸ்க் சாவை மட்டும்தான். தீயை அது தடுக்காது. வெள்ளத்தைத் தடுக்காது. திருடனைத் தடுக்காது. கை தவறி ஒருவர் சென்ற வருஷக் கணக்கை அழித்தால், பெட்டி மிகவும் விசுவாசமாக அந்த அழிவையும் எல்லா டிஸ்க்கிலும் எழுதி வைக்கும்!

டெல்லி தப்பியது எப்படி?

இன்னொரு சம்பவம். 2022 நவம்பர் 23. டெல்லியிலுள்ள எய்ம்ஸ் ஆஸ்பத்திரி. தினந்தோறும் ஆயிரக்கணக்கான நோயாளிகள் வரும் இடம். அன்று காலை கம்ப்யூட்டர்கள் ஸ்தம்பித்துவிட்டன. இது தீ அல்ல, திருட்டு. கண்ணுக்குத் தெரியாத எவரோ கம்பி வழியாக உள்ளே புகுந்து, கணக்குகளை யாரும் படிக்க முடியாதபடி பூட்டிவிட்டார். ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெரா பைட் விவரங்கள் பூட்டப்பட்டன என்று அரசாங்கம் பாராளுமன்றத்தில் தெரிவித்தது. கம்ப்யூட்டர் வலையைச் சரியாகப் பகுதி பகுதியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்றும் சொன்னது. ஆஸ்பத்திரியில் பல நாள் கையால் சீட்டு எழுதினார்கள். டாக்டர்கள் பட்ட பாடு பெரிது. நோயாளிகள் பட்ட பாடு அதைவிடப் பெரிது.

ஆனால் விவரங்கள் திரும்பி வந்தன. எப்படி? பாதிக்கப்படாத ஒரு பிரதிச் சர்வர் தனியாக இருந்தது. அதிலிருந்து எடுத்து மீண்டும் நிரப்பினார்கள்.

கொரியாவில் தனிப் பிரதி இல்லை. டெல்லியில் இருந்தது. இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்!

இதிலிருந்து இன்னொரு பாடமும் கிடைக்கிறது. பிரதி இருந்தால் மட்டும் போதாது. அது எப்போதும் அதே கம்பியில் மாட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மாட்டியே இருந்தால், பெட்டியைப் பூட்டுகிறவன் பிரதியையும் சேர்த்துப் பூட்டிவிடுவான்.

வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன?

“சர்வரும் பெட்டியும் முதலாளிகள் சமாசாரம். அடுப்படியில் இருப்பவர்களுக்கு இதனால் என்ன?” என்று தோன்றலாம்.

நிறைய இருக்கிறது! வங்கியில் வைத்த நகைக்கு அடையாளம் எங்கே இருக்கிறது? ஒரு பொதுப் பெட்டியில். ரேஷன் கடையில் வாங்கிய அரிசிக்குக் கணக்கு எங்கே? ஒரு பொதுப் பெட்டியில். பட்டா எங்கே? சம்பளம் எங்கே? பலசரக்குக் கடையில் மாதாமாதம் கொடுத்துத் தீர்த்த பாக்கி எங்கே? எல்லாம் எங்கேயோ ஒரு டிஸ்க்கில்தான்.

2024 ஜூலை மாதக் கடைசியில், பல சிறிய வங்கிகளுக்குப் பொதுவாகக் கம்ப்யூட்டர் வேலை செய்து கொடுக்கும் ஒரு நிறுவனம் இதே போன்ற பூட்டுத் திருடர்களால் தாக்கப்பட்டது. தீமை மற்ற வங்கிகளுக்குப் பரவாமல் இருக்க, அதைப் பணப் பரிமாற்ற வலையிலிருந்து துண்டித்துவிட்டார்கள். நாடெங்கும் சுமார் 300 சிறிய வங்கிகளின் வாடிக்கையாளர்கள் திண்டாடினார்கள். அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஜனங்கள். மறுநாள் நிலைமை சரியாகத் தொடங்கியது. ஆனால் செய்தி தெளிவு. ஒரே குளத்தில் முந்நூறு மடை இருந்தால், கரையில் ஒரு விரிசல் முந்நூறு வயலுக்கும் விரிசல்!

கடையில் கடனுக்கு வாங்கிப் பணம் கட்டிவிட்ட ஓர் ஏழைப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். கணக்கு அழிந்து, பழைய பிரதியில் பாக்கி என்று இருந்தால் அவர் எப்படி நிரூபிப்பார்? கடைக்காரர் நஷ்டப்பட்டால் அது அவர் அஜாக்கிரதை. வாடிக்கைக்காரர் ஏன் நஷ்டப்பட வேண்டும்? ஆகவே பிரதி எடுத்து வைப்பது முதலாளியின் விருப்பம் அல்ல. அது அவரை நம்பிய குடும்பங்களுக்கு அவர் செய்ய வேண்டிய கடமை!

சட்டமும் சும்மா விடாது. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வியாபாரி, வருடாந்தரக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளைப் பாதுகாத்து வைக்க வேண்டும். ஆறு வருஷம்! “டிஸ்க் எரிந்துவிட்டது” என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பது புத்திசாலித்தனம் அல்ல.

இன்டர்நெட்டில் வைத்தால் போதாதா?

“எதற்கு இந்தப் பெட்டி? எல்லாவற்றையும் இன்டர்நெட் கம்பெனிகளிடம் வாடகைக்கு வைத்துவிடலாமே” என்று சிலர் சொல்வார்கள்.

வைக்கலாம். கணக்கு, பில் போன்ற சிறிய விவரங்களுக்கு அது நல்ல வழி. தென்காசிக்குப் பக்கத்திலேயே மத்தளம்பாறையில் ஸோஹோ கம்பெனியின் அலுவலகம் இருக்கிறது. வியாபாரக் கணக்கு எழுதுவதற்கான மென்பொருளும் விற்கிற கம்பெனி அது. அந்தக் கம்பெனி இந்திய வாடிக்கையாளர்களின் விவரங்களை எங்கே வைக்கிறது? ஓர் ஊரில் மட்டும் அல்ல. மும்பையிலும் சென்னையிலும் நிலையங்கள் வைத்திருக்கிறது. ஓர் ஊரில் விபத்து என்றால் மற்ற ஊர் கைகொடுக்க வேண்டும் என்பதே காரணம்.

தொழில் தெரிந்தவர்களே இரண்டு ஊரில் வைக்கிறார்கள். சுரண்டைக் கடைக்காரர் மட்டும் ஒரே அறையில் வைக்கலாமா?

காமிராப் படம் போன்ற பெரிய விவரங்களுக்கு இன்டர்நெட் அவ்வளவு சுலபம் அல்ல. 7 டெரா பைட்டைக் கடைக்குள்ளேயே சாதாரணக் கேபிளில் நகல் எடுக்க ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். நொடிக்கு 100 மெகா பிட் அனுப்பும் இன்டர்நெட் கம்பி வழியாக வெளியூர் அனுப்பினால் ஆறு நாளுக்கு மேல் ஆகும். அதனால்தான் முதல் பிரதியைக் கடையிலேயே எடுத்து, கையோடு கொண்டுபோய் வெளியூரில் வைப்பது நல்லது. அதன் பிறகு தினமும் மாறியதை மட்டும் அனுப்பினால் போதும்.

செய்ய வேண்டியது என்ன?

நிபுணர்கள் ஒரு வாய்ப்பாடு சொல்கிறார்கள். மூன்று, இரண்டு, ஒன்று! கணக்கு மூன்று பிரதியாக இருக்க வேண்டும். இரண்டு விதமான சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்று வெளியூரில் இருக்க வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட மனப்பாடம் செய்துவிடும்!

வெளியூர் என்றால் எவ்வளவு தூரம்? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர்! தெருவெல்லாம் வெள்ளம், கடையெல்லாம் வெள்ளம். அடுத்த தெருவில் பிரதி வைத்திருந்தால் அதுவும் தண்ணீரில்தான். எனவே ஒரே மழையில் நனையாத தூரம் வேண்டும்.

அதற்குச் சுரண்டை வியாபாரிகள் பெரிய செலவு செய்ய வேண்டியதில்லை. இந்த வட்டாரத்துக் குடும்பங்களுக்குச் சென்னையில் ஒரு மகன் இருப்பார். கோயம்புத்தூரில் ஒரு சம்பந்தி இருப்பார். அவர் கடையில் ஒரு சிறிய பெட்டி வைத்து, அண்ணாச்சியின் பிரதியை அங்கே அனுப்பலாம். சம்பந்தியின் பிரதியைச் சுரண்டையில் வைத்துக்கொள்ளலாம். பிரதியைச் சங்கேத எழுத்தில் பூட்டி அனுப்பினால், சம்பந்திக்கு லாபக் கணக்குத் தெரிந்துவிடுமோ என்ற கவலையும் வேண்டாம்! ஆனால் பூட்டைத் திறக்கும் சங்கேதச் சொல்லைக் காகிதத்தில் எழுதி, பழைய மரப்பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். அது தொலைந்தால் பிரதியும் தொலைந்தது போலத்தான்.

மிகவும் முக்கியமானது இதுதான். பொதுப் பெட்டியில் ஒரு டிஸ்க் சேர்க்கும் நாளில், பிரதிப் பெட்டியிலும் இடம் சேருங்கள். இங்கே ஒன்று, அங்கே ஒன்று. அதற்குப் பணம் இல்லை என்றால், இங்கேயும் சேர்க்க வேண்டாம். பழைய காமிராப் படங்களை அழித்து இடம் பண்ணிக்கொள்ளலாம். காக்க முடியாத அளவுக்குச் சேர்ப்பது சேமிப்பு அல்ல!

பெட்டி விற்பவர்களும் இதை முதலிலேயே சொல்ல வேண்டும். பெட்டிக்கு ஒரு விலை, பிரதிக்கு ஒரு விலை என்று பிரித்துச் சொன்னால் வாங்குகிறவர் முதலாவதை மட்டும் வாங்கிப் போவார். இரண்டையும் சேர்த்து ஒரே விலையாகச் சொல்வதுதான் நேர்மையான வியாபாரம். வியாபாரிகள் சங்கங்களும் இதைத் தங்கள் கூட்டத்தில் ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது, வெளியூர்ப் பிரதியிலிருந்து ஒரு பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். வந்தால் பிரதி இருக்கிறது. வராவிட்டால், இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்!

அந்தக் காலத்தில் குளம் வெட்டியவர்கள் தண்ணீரை மட்டும் நினைக்கவில்லை. கரையை நினைத்தார்கள். மறுகாலை நினைத்தார்கள். மழைக்கு முன்னால் ஊர் கூடிக் குடிமராமத்துச் செய்தார்கள். அவர்களால் முடியாதது ஒன்றே ஒன்று. தண்ணீருக்குப் பிரதி எடுக்க முடியாது. கரை உடைந்தால் ஓடியது ஓடியதுதான்.

கணக்குக்குப் பிரதி எடுக்கலாம். அந்த வசதி இருந்தும் எடுக்காமல் விட்டால், கரை உடைந்த பிறகு யாரை நோவது?

நாளைக் காலையிலும் சுரண்டை மார்க்கெட்டில் ஏலக் குரல் கேட்கும். காய் வரும், போகும். கணக்கு இருக்க வேண்டும். ஓரிடத்தில் அல்ல, ஈரிடத்தில்!